பௌத்தத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

"ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று பள்ளியில் படித்ததோடு சரி. அதற்கு மேல் பௌத்தம் என்னதான் சொல்கிறது? கடவுள், ஆன்மா, மறுபிறவி விஷயத்தில் அதன் நிலை என்ன? புதிதாகப் படிக்க வருகிறவர் எதில் தொடங்கலாம்?" இதுதான் கேள்வி.

அந்தப் பள்ளிக்கூட வரியையே முதலில் எடுத்துக்கொள்வோம். தப்பான வரி இல்லை, பாதியில் நின்றுபோன வரி. அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், எதற்கும் ஆசைப்படாமல் ஒரு மூலையில் ஒதுங்கி உட்காரச் சொல்லும் மதம் இது என்று தோன்றிவிடும். பலர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். உண்மையில் புத்தர் சொன்னவற்றில் பெரும்பகுதி செய்து பார்ப்பதற்கானது. நம்பிக்கைப் பட்டியலாக அதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். வேலைப் பட்டியலாகப் படித்தால் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

புத்தரின் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தார்த்த கௌதமர் இன்றைய நேபாளத்தில் இருக்கும் லும்பினியில், சாக்கிய குலத்தில் பிறந்தவர். 29 வயதில் வீட்டை விட்டுப் போனார். ஆறு ஆண்டுகள் ஆசிரியர்களிடம் பயின்றார், உடலை வருத்தித் தவம் செய்தார், இரண்டும் போதவில்லை என்று கண்டார். 35 வயதில் புத்தகயையில் அரச மரத்தடியில் ஞானம் பெற்றார். அதன்பின் 45 ஆண்டுகள் கங்கைச் சமவெளியில் ஊர் ஊராக நடந்து போதித்துவிட்டு, 80 வயதில் குசிநகரத்தில் மறைந்தார். காலம் பற்றி ஒரே கணக்கு இல்லை. சற்றுப் பழைய வரலாற்றுப் புத்தகங்களில் கி.மு. 563 முதல் 483 வரை என்று இருக்கும். இன்றைய ஆய்வாளர் பலர் அவருடைய மறைவைக் கி.மு. 400ஐ ஒட்டிய காலத்தில் வைக்கிறார்கள். தொடக்க நிலையில் இந்தச் சர்ச்சை உங்களுக்குத் தேவையில்லை.

ஞானம் பெற்ற பிறகு அவர் செய்த முதல் உபதேசம் வாரணாசிக்கு அருகே, சாரநாத்தின் மான் பூங்காவில் நடந்தது. கேட்டவர்கள் ஐந்தே பேர். முன்பு அவரோடு சேர்ந்து தவம் செய்தவர்கள். அவர் பட்டினித் தவத்தைக் கைவிட்டதும் 'சுகவாசியாகிவிட்டார்' என்று விலகிப்போனவர்கள். அவர்களிடம் அவர் முதலில் சொன்னது, புலனின்பத்தில் மூழ்குவதும் வேண்டாம், உடலை வதைப்பதும் வேண்டாம், நடுவே ஒரு வழி இருக்கிறது என்பதைத்தான். அடுத்துச் சொன்னவைதான் நான்கு உண்மைகள்: துக்கம் இருக்கிறது, அது தோன்ற ஒரு காரணம் இருக்கிறது, அது முடிவுக்கு வர முடியும், முடிவுக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு.

இந்த நான்கையும் எல்லாப் பாடநூல்களும் சொல்லிவிடுகின்றன. அதே உபதேசத்தில் ஒவ்வொன்றோடும் ஒரு வேலை ஒட்டியிருப்பதைத்தான் அவை விட்டுவிடுகின்றன. துக்கத்தை முழுதாக அறிந்துகொள்ள வேண்டும். காரணத்தைக் கைவிட வேண்டும். முடிவை நேரில் உணர வேண்டும். வழியை வளர்க்க வேண்டும். வேலைகளை மாற்றிச் செய்வதால்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். துக்கத்தைக் கைவிடப் பார்க்கிறோம், அதாவது அதிலிருந்து ஓடப் பார்க்கிறோம். ஆனால் அதற்கு இடப்பட்ட வேலை, நின்று நிதானமாகப் பார்ப்பது.

பார்க்கச் சொன்ன துக்கம் எது? பிறப்பு, மூப்பு, நோய், சாவு, பிடிக்காததோடு சேர்ந்திருப்பது, பிடித்ததைப் பிரிவது, விரும்பியது கிடைக்காமல் போவது என்று புத்தர் அடுக்குகிறார். வலியும் துயரமும் துக்கம் என்பது சொல்லாமலே தெரியும். சுகமான ஒன்று நிலைக்காமல் மாறிப்போவதும் இதில் அடங்கும். சுகமாக இருக்கும்போதே 'இது போய்விடுமோ' என்று உள்ளே ஓடும் பதைப்பைக் கவனித்திருப்பீர்கள், அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். இதற்கும் அடியில், காரணங்களால் சேர்ந்து நிற்கும் எதுவும் நமக்கு முழுத் திருப்தியைத் தர வல்லது இல்லை என்ற நுட்பமான அடுக்கு ஒன்று இருக்கிறது. அதை இப்போதே புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இதனால் பௌத்தம் வாழ்க்கையை வெறுக்கிறது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். வெறும் புலம்பலாக இருந்தால் முதல் உண்மையோடு நின்றிருக்கும். மூன்றாவதும் நான்காவதும் எதற்கு?

சரி, இனி அந்த ஆசை விஷயம். துக்கத்துக்குக் காரணம் என்று புத்தர் சொன்னது தணியாத தாகம் போன்ற வேட்கையை. அதில் மூன்று வகை உண்டு. புலனின்பத்துக்கான வேட்கை ஒன்று. 'நான் இப்படி ஆக வேண்டும், இப்படியே இருக்க வேண்டும்' என்ற வேட்கை இரண்டாவது. 'இது இல்லாமல் போகட்டும், நானே இல்லாமல் போனால் தேவலை' என்ற வேட்கை மூன்றாவது. மூன்றாவதைக் கவனியுங்கள். வெறுப்பும் தப்பி ஓடும் எண்ணமும்கூட வேட்கையின் முகம்தான்.

அப்படியானால் விடுதலை வேண்டும் என்று விரும்புவதும் ஆசைதானே, ஆசையால் ஆசையை எப்படி ஒழிப்பது? இந்தக் கேள்வியை யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் அடிக்கடி எழுப்புவார்கள். கோசாம்பி நகரத்தில் ஓர் அந்தணர் புத்தரின் சீடர் ஆனந்தரிடம் இதையே கேட்டார், இப்படிப் போனால் முடிவே இருக்காதே என்று. ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: "இந்தப் பூங்காவுக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு முன்பு இருந்ததா?" இருந்தது என்றார். "வந்து சேர்ந்த பிறகு அந்த விருப்பம்?" அடங்கிவிட்டது. முயற்சியும் அப்படித்தான், வரும்வரை இருந்தது, வந்ததும் அடங்கியது. விடுதலையை நோக்கிய விருப்பமும் அதுபோல வேலை முடிந்ததும் தானே அடங்கிவிடும் என்றார் ஆனந்தர். நல்லதைச் செய்யும் விருப்பமும் ஊக்கமும் இந்தப் பாதைக்கு எரிபொருள். கைவிட வேண்டியது, கிடைத்தாலும் அடங்காத அந்தத் தாகத்தை.

அது எங்கே பிறக்கிறது என்பதற்குப் பௌத்தம் தரும் பதிலைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். சார்பில் தோன்றுதல் என்று ஒரு கோட்பாடு உண்டு. எதுவும் தானாக நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றுகிறது. சார்பு போனால் அதுவும் போகும். இதைப் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட தொடராகச் சொல்வார்கள். மணிமேகலை அவற்றைத் தமிழில் இப்படி வரிசைப்படுத்துகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பன்னிரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் இருக்கும் 'நுகர்வு, வேட்கை' என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நுகர்வு என்பது இங்கே இன்பமாகவோ துன்பமாகவோ இரண்டும் இல்லாமலோ ஒன்று படும் அந்த முதல் சுவை. அதற்கும் வேட்கைக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி ஒன்று உண்டு. பயிற்சி முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துப் பாருங்கள். நான்கைந்து நிமிடத்தில் முழங்காலில் லேசாக வலி தொடங்கும். முதலில் அது வெறும் அழுத்தம், சூடு, குத்தல். அடுத்த கணமே 'இது பிடிக்கவில்லை' என்று வரும். உடனே 'காலை மாற்று' என்ற உந்துதல். அப்புறம் ஒரு கதை: 'எனக்கு இதெல்லாம் ஒத்துவராது, இன்னும் எவ்வளவு நேரம், மூட்டுத் தேய்மானமாக இருக்குமோ.' இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடும். காலை மாற்றுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் இந்த நான்கும் தனித்தனியாகக் கண்ணுக்குப் பட்டால், புத்தர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அன்றைக்கே பிடிபடும். யாராவது ஒரு சுடுசொல் சொல்லும்போதும் இதே வரிசைதான் ஓடுகிறது. அங்கே வேகம் அதிகம், அதனால் தெரிவதில்லை.

இதற்குப் புத்தர் சொன்ன உவமை பிரபலமானது. பயிற்சி இல்லாதவன் மேல் ஓர் அம்பு தைத்ததும் அதைத் தொடர்ந்து இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதலாவது உடல் வலி, இரண்டாவது அதை எதிர்த்து மனம் படும் பாடு. பயிற்சி பெற்றவருக்கும் முதல் அம்பு தைக்கத்தான் செய்யும். புத்தருக்கே முதுகுவலி இருந்தது. உபதேசத்தைச் சீடரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டதாகவே சுத்தங்களில் இருக்கிறது. சுத்தம் என்றால் உபதேச உரை. இரண்டாவது அம்புதான் அவரைத் தொடவில்லை.

மூன்றாவது உண்மை நிர்வாணம். சொர்க்கம் போன்ற ஓர் இடமாக இதைக் கற்பனை செய்ய வேண்டாம். பேராசை, வெறுப்பு, அறியாமை ஆகிய மூன்று நெருப்புகளும் அணைந்த நிலை என்பதுதான் நூல்கள் தரும் நேரடி விளக்கம். அந்த நிலையை அடைந்தவர் இறந்தபின் எங்கே போவார் என்று வச்சகோத்தர் என்ற துறவி கேட்டார். எரிபொருள் தீர்ந்து அணைந்த நெருப்பு கிழக்கே போனதா மேற்கே போனதா என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று புத்தர் திருப்பிக் கேட்டார். கேள்வியே பொருந்தவில்லை என்பதுதான் பதில்.

நான்காவது உண்மை எண்வழிப் பாதை: நற்காட்சி, நல்லெண்ணம், நற்பேச்சு, நற்செயல், நல்வாழ்வு, நன்முயற்சி, நல்விழிப்பு, நல்லொருமை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஏறும் வரிசை என்று எண்ண வேண்டாம், எட்டும் சேர்ந்தே வளர்பவை. ஒழுக்கம், மன ஒருமை, மெய்யறிவு என்று மூன்றாகத் தொகுத்துப் படிப்பது எளிது. இன்று தியானம் என்ற ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. பகல் முழுக்கப் பொய் சொல்லிவிட்டு இரவில் உட்கார்ந்தால் மனம் எதை ஓட்டிக்காட்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒழுக்கம் முதலில் வருவதற்கு இதைவிடப் பெரிய தத்துவக் காரணம் தேவையில்லை.

இல்லறத்தாருக்கான ஒழுக்கம் ஐந்து சீலங்கள்: உயிரைக் கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தகாத பாலுறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, மதியை மயக்கும் மது முதலியவற்றைத் தவிர்த்தல். இவற்றை ஏற்கும்போது சொல்லும் வாசகம், 'விலகியிருக்கும் பயிற்சியை நான் மேற்கொள்கிறேன்' என்பதாக இருக்கும். கட்டளையிட மேலே ஒருவர் இல்லை. தவறினால் தண்டனைக்குப் பயப்படுவதில்லை, மறுபடி எடுத்துக்கொள்வதுதான்.

பேச்சுக்குத் தனி இடம் கொடுத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம். பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு நான்கையும் விலக்கச் சொல்கிறார்கள். உண்மையாக இருந்தாலும் பயன் இல்லாததைப் புத்தர் பேசுவதில்லை. உண்மையும் பயனும் உள்ளதை, கேட்பவருக்குக் கசந்தாலும், அதற்குரிய நேரம் பார்த்துப் பேசுவார் என்று ஒரு சுத்தம் சொல்கிறது. தொழில் விஷயத்திலும் பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு ஆகிய ஐந்தின் வணிகமும் இல்லறச் சீடருக்கு ஆகாது என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்.

அடுத்து ஆன்மா. பௌத்தத்தில் மிகக் கடினமானது இதுதான், மற்ற இந்திய மரபுகளிலிருந்து அது கிளை பிரியும் இடமும் இதுதான். 'நான்' என்று நாம் சொல்வதைப் புத்தர் ஐந்து கூறுகளாகப் பிரிக்கிறார்: உடல், நுகர்வு, இன்னது என்று அடையாளம் காணுதல், மனத்தின் உந்துதல்கள், அறியும் உணர்வு. இந்த ஐந்தில் எது நான்? முதல் உபதேசத்தைக் கேட்ட அதே ஐவரிடம் இரண்டாவது உபதேசத்தில் அவர் வைத்த வாதம் மிக எளிமையானது. இந்த உடல் உண்மையிலேயே 'நான்' என்றால், 'இப்படி இரு, அப்படி இருக்காதே' என்று அதற்கு ஆணையிட முடிய வேண்டும். முடிகிறதா? நரைக்காதே என்றால் கேட்கிறதா? மனத்துக்கும் இதே கேள்விதான். கவலைப்படாதே என்று சொன்னவுடன் எந்த மனம் நின்றிருக்கிறது? நிலையில்லாதது, துக்கம் தருவது, சொன்ன பேச்சைக் கேட்காதது. அதைப் போய் 'இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா' என்று கொள்வது சரியா என்று கேட்டார். ஐந்துக்கும் இதையே கேட்டுக்கொண்டு போனார். முடியும்போது ஐவரும் முழு விடுதலை பெற்றார்கள் என்கிறது நூல்.

இதை 'நான் என்பதே கிடையாது' என்று உடனே புரிந்துகொள்ள வேண்டாம். ஆன்மா உண்டா இல்லையா என்று நேராகக் கேட்டபோது புத்தர் இரண்டு பக்கமும் சாயாமல் மௌனமாக இருந்த நிகழ்ச்சியும் பதிவாகியிருக்கிறது. கேட்டவர் நெருப்பு விவகாரத்தில் வந்த அதே வச்சகோத்தர்தான். ஆள் விடவே மாட்டார்.

ஆன்மா இல்லாமல் மறுபிறவி எப்படி? மினாண்டர் என்ற கிரேக்க வழி அரசருக்கு நாகசேனர் என்ற பிக்கு சொன்ன விளக்கம்: இரவு முழுவதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றும் இல்லை, வேறும் இல்லை. ஒன்றைச் சார்ந்து அடுத்தது தொடர்கிறது. இங்கிருந்து அங்கே பயணம் போகும் பொருள் எதுவும் இல்லை. இந்த அறிவுணர்வுதான் மாறாமல் பிறவிதோறும் போகிறது என்று சொன்ன, சாதி என்று பெயர் கொண்ட ஒரு பிக்குவைப் புத்தர் கடுமையாகவே கண்டித்திருக்கிறார். மறுபிறவியை உங்களால் ஏற்க முடியவில்லையா? இப்போதைக்கு அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டுத் தொடங்கலாம். முழங்கால் வலியைக் கவனிக்க அது தேவைப்படாது. அதற்காகப் புத்தர் மறுபிறவியே பேசவில்லை என்று சாதிக்க வேண்டாம். பேசியிருக்கிறார், நிறையவே.

கர்மத்தை நம்மூரில் தலைவிதி என்று புரிந்துவைத்திருக்கிறோம். புத்தர் வினை என்று சொன்னது மனத்தின் எண்ணத்தை, நோக்கத்தை. நோக்கித்தான் ஒருவன் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்கிறான் என்றார். தெரியாமல் எறும்பை மிதிப்பதும் தேடிப்போய் நசுக்குவதும் ஒன்றாகாது. நமக்கு நேர்வதெல்லாம் முன்வினைப் பயன் என்பதையும் அவர் ஏற்கவில்லை. சீவகர் என்ற துறவி கேட்டபோது, பித்தம், கபம், வாதம், அவை மூன்றும் கூடியது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல், வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களை அடுக்கினார். எட்டில் ஒன்றுதான் வினை. நோயாளியைப் பார்த்து 'போன பிறவிப் பாவம்' என்று சொல்பவர்களுக்கு இந்தச் சுத்தத்தைப் படித்துக்காட்டலாம்.

கடவுள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தேவர்கள் உண்டு என்கின்றன நூல்கள். ஆனால் அவர்களும் பிறந்து சாகிறவர்கள், விடுதலை தர வல்லவர்கள் இல்லை. உலகைப் படைத்த ஒருவருக்கு இந்தப் போதனையில் வேலை இல்லை. உலகம் முடிவுள்ளதா இல்லையா போன்ற கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லவே மறுத்தார். துக்கம் தீர அவை உதவாது என்பதே காரணம்.

பிரிவுகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இலங்கை, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் நாடுகளில் இருப்பது தேரவாதம். பாலி மொழியில் மூன்று தொகுப்புகளாக இருக்கும் திரிபிடகம் என்ற மறைநூல் அதன் அடிப்படை. சீனா, ஜப்பான், கொரியா, வியட்நாமில் மகாயானம். எல்லா உயிர்களின் விடுதலைக்காகவும் புத்தராக உறுதி பூணும் போதிசத்துவர் அங்கே மையம், எதற்கும் தனித்து நிற்கும் இயல்பு இல்லை என்னும் நாகார்ஜுனரின் சூனியக் கோட்பாடும் அங்கே வளர்ந்ததுதான். திபெத்தில் அதன் மேல் மந்திரமும் சடங்கும் சார்ந்த வச்சிரயானப் பயிற்சிகள் சேர்ந்தன. மேலே நான் சொன்னவற்றின் அடிப்படை மூன்றுக்கும் பொது.

தொடங்குகிறவருக்கு என் ஆலோசனை இதுதான். ஒரு சீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சைப் பற்றியது என்றால் நல்லது. தினமும் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனியுங்கள். மகன் ராகுலனுக்குப் புத்தர் சொன்ன பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம்: செய்யும் முன்பு, செய்யும்போது, செய்த பின்பு, 'இது எனக்கோ பிறருக்கோ தீங்கு தருகிறதா' என்று பார்ப்பது. வாசிப்புக்கு முதல் இரண்டு உபதேசங்கள், பிறகு 423 பாடல்கள் கொண்ட தம்மபதம், இல்லறத்தாருக்குச் சொன்ன சிகாலோவாத சுத்தம், அப்புறம் விழிப்பை வளர்ப்பது பற்றிய சதிபட்டான சுத்தம். காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்ன உபதேசத்தையும் படியுங்கள், ஆனால் முழுதாக. 'எதையும் நம்பாதே, உன் புத்திக்குப் பட்டதைச் செய்' என்று அதைச் சுருக்கி மேற்கோள் காட்டுவார்கள். தர்க்கத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காகவும் ஏற்காதே என்று அதிலேயே இருக்கிறது. பேராசையையும் வெறுப்பையும் வளர்க்கிறதா, அறிவுடையோர் பழிப்பதா என்று சோதித்துவிட்டு முடிவு செய்யச் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற விரிவான பயிற்சி விளக்கம் அருமையான நூல்தான், ஆனால் முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

ஆசிரியர் அமைந்தால் நல்லது. தேடும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தான் அடைந்த உயர்நிலை உண்மையாகவே இருந்தாலும் அதை இல்லறத்தாரிடம் சொல்லிக்கொள்வது பிக்குகளுக்கு விதிமீறல். அடையாமலே அடைந்ததாகத் தெரிந்தே பொய் சொன்னால் சங்கத்தை விட்டே வெளியேற்றம்தான். அதனால் ஞானம் அடைந்துவிட்டதாக விளம்பரத்தோடு வருகிறவரிடம் போய் உட்கார வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.